லேபிள் ஒட்டினால் உள்ளே என்ன நடக்கிறது? வெர்ஷன் கன்ட்ரோல் பழகுபவர்களுக்கு

“2.1-க்கு லேபிள் போட்டாச்சு” என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். கேட்டவர்களில் ஒருவர், கோப்புகளெல்லாம் தனியாக நகலெடுத்து வைக்கப்பட்டுவிட்டன என்று நிம்மதியாகிறார். இன்னொருவர், இனி அந்தக் கோப்புகளை யாரும் தொட முடியாது என்று நினைத்துக்கொள்கிறார். மூன்றாமவரோ புதிதாக ஒரு பிராஞ்ச், அதாவது வேலை தனியாகப் பிரிந்து தொடரும் கிளை, உருவாகிவிட்டது என்று நம்புகிறார். பொதுவாகப் பார்த்தால் மூவரும் தவறு. ஆனால் மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். ஏதோ ஒரு மென்பொருளில் லேபிள் நகல்போலத்தான் இருக்கிறது, வேறொன்றில் அதைப் பூட்ட முடியும், பழைய ஒன்றில் பிராஞ்சையே லேபிளைக் கொண்டுதான் உருவாக்கினார்கள். ஒன்றில் பழகியவர் அடுத்ததற்குப் போகும்போது பழைய அர்த்தத்தையும் கூடவே எடுத்துச் செல்கிறார்.

இங்கே கட்டளைகளைச் சொல்லித்தரப் போவதில்லை. அவை எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். லேபிள் உள்ளுக்குள் என்னவாக இருக்கிறது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது மட்டும்தான் பேச்சு. சில மென்பொருள்கள் இதை லேபிள் என்கின்றன, சில டேக் என்கின்றன. இரண்டுக்கும் லேபிள் என்றே எழுதுகிறேன்.

## நோட்டும் சீட்டும்

தடித்த கணக்கு நோட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: எழுதியதை அழிக்கக்கூடாது, பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. தவறு நேர்ந்தால் திருத்தத்தை அடுத்த பக்கத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. ஆண்டு முடிவில் தணிக்கைக்குக் காட்டிய கணக்கு 212-ஆம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு வண்ணச் சீட்டை ஒட்டி, “ஆண்டுக் கணக்கு” என்று எழுதிவைக்கிறீர்கள்.

அந்தச் சீட்டுதான் லேபிள். அதை ஒட்டியதால் 212-ஆம் பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பக்கத்துக்கு நகலும் எடுக்கப்படவில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு சீட்டுகள் ஒட்டலாம், தடையில்லை. முக்கியமாக, சீட்டைப் பிய்த்து 215-இல் ஒட்டினால் 212-இல் அது இருந்ததற்கான தடயமே இருக்காது. பக்கங்களுக்கு உள்ள விதி சீட்டுக்கு இல்லை.

இனி உண்மையான பெயர்களுக்கு வருவோம். கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரிசையாகச் சேமித்துவைத்து, வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்ப உதவும் மென்பொருள்தான் வெர்ஷன் கன்ட்ரோல். அந்த வரலாறு முழுவதும் இருக்கும் இடம் ரெப்போ, நம் நோட்டு. மாற்றங்களை அதில் பதிவு செய்வது கமிட். அப்படிப் பதிவான ஒவ்வொரு நிலையும் ஒரு ரிவிஷன், நம் பக்கம். லேபிள் என்பது ஒரு ரிவிஷனுக்கு, அல்லது ஒரு தொகுப்பு ரிவிஷன்களுக்கு, மனிதர்கள் வைக்கும் பெயர்.

ஆக, ரிவிஷன் என்பது பதிவான உள்ளடக்கம். லேபிள் அதைச் சுட்டும் பெயர் மட்டுமே. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எண் இருக்கும்போது பெயர் எதற்கு?

பக்க எண் இருக்கிறதே, “212-ஐப் பார்” என்று சொன்னால் போதாதா? ஒரே நோட்டாக இருந்தால் போதும். ஆனால் வெர்ஷன் கன்ட்ரோல் பிறந்த காலத்தில் ஒரே நோட்டு என்ற ஏற்பாடே கிடையாது.

1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், 1980-களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி உருவாக்கிய ஆர்சிஎஸ் ஆகிய இரண்டுமே தனித்தனிக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவை. ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு, தனி எண் வரிசை. அடிக்கடி மாறும் கோப்பு 1.87-இல் நிற்கும், யாரும் தொடாத கோப்பு 1.2-இலேயே இருக்கும். நம் உவமையில் சொன்னால், கோப்புக்கு ஒரு நோட்டு.

ஒரு மென்பொருளில் 300 கோப்புகள் இருந்தால், வெளியீடு என்பது 300 எண்களின் கூட்டு. முதல் கோப்பில் 1.87, அடுத்ததில் 1.2, அதற்கடுத்ததில் 1.31 என்று நீளும். இதை யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, தாளில் எழுதிவைத்தாலும் தொலைந்துவிடும். அதனால்தான் அந்த 300 ரிவிஷன்களுக்கும் ஒரே பெயரைச் சூட்டும் வசதி தேவைப்பட்டது. லேபிள் அழகுக்காக வந்ததல்ல, கோப்புகளின் எண்கள் ஒன்றோடொன்று சேராததால் வந்தது.

## கோப்புக்குக் கோப்பு ஒட்டும் லேபிள்

ஆர்சிஎஸ்ஸின் மேல் கட்டப்பட்ட சிவிஎஸ் 1990-களில் மிகப் பரவலாக இருந்தது. அதில் 2.1 வெளியீட்டுக்கு லேபிள் போடச் சொன்னால், அந்த மென்பொருள் ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் திறந்து, “இந்தக் கோப்பில் இந்தப் பெயர் இந்த எண்ணைக் குறிக்கும்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டு மூடும். 300 நோட்டுகளிலும் ஒரே நிறச் சீட்டு. பெரிய ரெப்போக்களில் லேபிள் போட நேரம் பிடித்ததற்கு இதுதான் காரணம். பெயரில் புள்ளியும் வரக்கூடாது, எழுத்தில்தான் தொடங்க வேண்டும். பழைய திட்டங்களின் லேபிள்களில் 2_1 என்று அடிக்கோடு போட்டிருப்பதைப் பார்த்திருந்தால், அந்தப் பழக்கம் வந்த வழி இதுதான்.

இந்த முறையில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. நேற்று இரவு லேபிள் போட்டாகிவிட்டது. இன்று காலை ஒரே ஒரு கோப்பில் பிழை தெரிகிறது. அதைத் திருத்தி, அந்தக் கோப்பின் லேபிளை மட்டும் புதிய ரிவிஷனுக்கு நகர்த்திவிடலாம். மற்ற 299 கோப்புகளில் இன்று காலை வேறு யார் என்ன மாற்றியிருந்தாலும் அது வெளியீட்டுக்குள் வராது. வெளியீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு இது வரம்.

சரி, இதில் ஆபத்து எங்கே? இப்படிச் சேர்ந்த கூட்டு எந்த நேரத்திலும், யாருடைய கணினியிலும் முழுதாக இருந்ததே இல்லை. நேற்றைய 299-ம் இன்றைய ஒன்றும் சேர்ந்து ஓடுமா என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். திருத்திய கோப்பு, இன்று காலைதான் வேறொரு கோப்பில் சேர்க்கப்பட்ட வசதி ஒன்றை நம்பியிருந்தால் கதை முடிந்தது. கோப்புவாரி லேபிளை “அன்றைய நிலை” என்று புரிந்துகொள்வது அதனால்தான் தவறு. அது ஒரு நேரத்தைக் குறிப்பதில்லை. யாரோ பொறுக்கிச் சேர்த்த பட்டியலைக் குறிக்கிறது.

மறந்துபோகும் கோப்பின் கதை இன்னும் மோசம். புதிதாகச் சேர்த்த கோப்புக்கு லேபிள் ஒட்ட விட்டுப்போனால், அந்த லேபிளைக் கொடுத்துக் கேட்கும்போது அந்தக் கோப்பு வரவே வராது. பழைய ரிவிஷனாவது வருமா என்றால் அதுவும் இல்லை, இடமே காலி. அங்கே கோப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை.

பெர்ஃபோர்ஸ் இன்றும் இந்த வகை லேபிளைத் தருகிறது. ஆனால் அதில் கோப்புவாரி எண்ணோடு, சேஞ்ச்லிஸ்ட் என்ற எண்ணும் உண்டு. ஒரே முறையில் பதிவாகும் எல்லா மாற்றங்களுக்கும் சேர்த்து ஒரே எண். அந்த எண்ணைச் சொன்னாலே அந்த நேரத்தில் மொத்தக் கோப்புகளும் இருந்த நிலை கிடைத்துவிடும். அதனால் பெர்ஃபோர்ஸில் லேபிள் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: எனக்கு வேண்டியது ஒரு நேரத்தின் நிலையா, பொறுக்கிச் சேர்த்த கூட்டா? முதலாவது என்றால் சேஞ்ச்லிஸ்ட் எண்ணே போதும். பெயரும் வேண்டுமென்றால் அந்த எண்ணையே சுட்டும் தானியங்கி லேபிளை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது என்றால்தான் கோப்புவாரி லேபிள்.

இதுவரை பார்த்தது: கோப்புவாரி எண்கள் உள்ள மென்பொருளில் லேபிள் ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாத கோப்பு இல்லாததுதான், பட்டியலில் உள்ளவை ஒரே நேரத்தைச் சேர்ந்தவை என்ற உறுதியும் இல்லை.

## மொத்தத்துக்கும் ஒரே எண் வந்தபோது

2004-இல் 1.0 வெளியீட்டைக் கண்ட சப்வெர்ஷன், கோப்புவாரி எண்ணைக் கைவிட்டது. யார் எதை மாற்றினாலும் ரெப்போ முழுவதற்கும் எண் ஒன்று கூடும். 4,310 என்றால் அந்த நேரத்தில் எல்லாக் கோப்புகளும் இருந்த நிலை. லேபிள் என்று தனியாக ஒன்றை அது உருவாக்கவே இல்லை. டேக்ஸ் என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) முழுத் திட்டத்தையும் நகலெடுத்துப் பெயர் வைப்பதே வழக்கம். நகல் என்றாலும் கோப்புகள் மறுபடி சேமிக்கப்படுவதில்லை. பழைய இடத்தைச் சுட்டும் குறிப்புதான் பதிவாகிறது, அதனால் ரெப்போ வீங்காது. லேபிள் என்றால் நகல் என்ற நம்பிக்கை பலருக்கு ஒட்டிக்கொண்டது இங்கிருந்துதான் என்று நினைக்கிறேன்.

ஒரு விசித்திரம்: அந்த அடைவும் மற்ற அடைவுகளைப் போன்றதே. அதற்குள் போய் ஒரு கோப்பை மாற்றி யாராவது கமிட் செய்தால் சப்வெர்ஷன் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். தடுக்க வேண்டுமானால் நிர்வாகி அதற்கென்று சர்வரில் விதி எழுதிவைக்க வேண்டும்.

கிட், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதத் தொடங்கியது. இதில் வரிசை எண்ணே கிடையாது. ஒவ்வொரு கமிட்டும் எல்லாக் கோப்புகளின் அப்போதைய நிலையையும் குறிக்கிறது. அந்தக் கமிட்டின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் ஹாஷ் என்ற எழுத்துக்கோவைதான் அதன் அடையாளம். வழக்கமான ரெப்போவில் அது 40 எழுத்துகள் நீளம். உள்ளடக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹாஷ் வேறாகிவிடும். நம்புவதற்கு அருமையான அடையாளம், வாயால் சொல்வதற்குத்தான் உதவாது. ஆகவே இங்கே லேபிள் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக: கூட்டைச் சேர்த்துப் பிடிக்க அல்ல, மனிதர்கள் பேசிக்கொள்ள.

கிட்டில் லேபிள் இரண்டு வகை. முதல் வகை மிக எளியது. லேபிளின் பெயரில் ஒரு சின்னக் கோப்பு, அதற்குள் அந்த 40 எழுத்துகள், கடைசியில் ஒரு வரிமுறிவு. மொத்தம் 41 பைட். அவ்வளவுதான். இதை ஒட்டியது யார், எப்போது, ஏன் என்ற எந்தத் தகவலும் அதில் இல்லை. இரண்டாவது வகை குறிப்புடன் கூடியது. ஒட்டியவர் பெயர், தேதி, ஒரு செய்தி, விரும்பினால் டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் சேர்ந்து ரெப்போவுக்குள் தனிப் பொருளாகவே சேமிக்கப்படும். லினக்ஸ் கெர்னலின் வெளியீடுகள் இப்படிக் கையொப்பமிட்ட லேபிள்களோடுதான் வருகின்றன.

என் பரிந்துரை சுருக்கமானது: பிறர் கண்ணில் படப்போகும் லேபிள் எதுவானாலும் இரண்டாவது வகை. உங்களுக்கு மட்டும், இன்று சாயங்காலம் வரை என்றால் முதல் வகை போதும்.

மெர்க்கூரியல் என்ற இன்னொரு மென்பொருள் லேபிள்களை ரெப்போவுக்குள் உள்ள ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதிவைக்கிறது. அதனால் லேபிள் போடுவதே ஒரு புதிய கமிட். லேபிள் சுட்டும் ரிவிஷனைத் திறந்து பார்த்தால், அதற்குள் இருக்கும் பட்டியலில் அந்த லேபிளின் பெயர் இருக்காது. அது அடுத்த கமிட்டில்தானே எழுதப்பட்டது! முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

## பிராஞ்ச் ஏன் லேபிள் ஆகாது

கிட்டில் பிராஞ்சும் பொதுவாக அதே 41 பைட் கோப்புதான். அதுவும் ஒரு கமிட்டைச் சுட்டும் பெயரே. அப்படியானால் என்ன வேறுபாடு? நீங்கள் ஒரு பிராஞ்சில் இருந்துகொண்டு புதிய கமிட் செய்தால், அந்தப் பெயர் தானாகவே புதிய கமிட்டுக்கு நகரும். லேபிள் நகராது. நோட்டில் எழுத எழுதக் கூடவே வரும் நாடாவுக்கும், ஒட்டிய இடத்திலேயே நிற்கும் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு.

லேபிள் இருக்கும் இடத்துக்குத் திரும்பிப் போனால் கிட் ஒரு நீண்ட எச்சரிக்கையைக் காட்டும். ‘டிடாச்டு ஹெட்’ என்று அதில் வருவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். நீங்கள் இப்போது எந்தப் பிராஞ்சிலும் இல்லை, இங்கே கமிட் செய்தால் அதைப் பிடித்துவைக்கப் பெயர் எதுவும் இருக்காது என்பதுதான் அதன் பொருள். வேறொன்றுமில்லை.

சிவிஎஸ்ஸில் பிராஞ்சை உருவாக்கவே லேபிள் கட்டளையோடு ஒரு கூடுதல் குறியைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கிருந்து வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பேசினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

## லேபிள் செய்யாத வேலைகள்

முதலில், பதிவு செய்யாத மாற்றத்தை லேபிள் பிடிக்காது. கோப்பைத் திருத்திவிட்டு, கமிட் செய்யாமல், லேபிள் போட்டால் அது திருத்தத்துக்கு முந்தைய ரிவிஷன்மேல்தான் ஒட்டும். உங்கள் கணினியில் எல்லாம் சரியாக ஓடும், அந்த லேபிளிலிருந்து மென்பொருளை உருவாக்கும் மற்றவருக்கு ஓடாது. இந்தத் தவறு அவ்வளவு சகஜம் என்பதாலோ என்னவோ, சிவிஎஸ்ஸில் கோப்புகள் மாற்றமின்றி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே லேபிள் ஒட்டும் வசதி ஒன்று உண்டு.

அப்புறம், கிட்டில் லேபிள் தானாகப் பயணிக்காது. கமிட்களைச் சர்வருக்கு அனுப்பும் சாதாரணக் கட்டளை லேபிள்களை அனுப்புவதில்லை, அவற்றைத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். “லேபிள் போட்டேனே, உனக்கு ஏன் தெரியவில்லை?” என்ற உரையாடல் நடக்காத குழு இருக்காது.

லேபிள் மாற்றுப் பிரதியும் (பேக்கப்) அல்ல. ரெப்போ இருக்கும் வட்டு போனால் லேபிளும் சேர்ந்தே போகும். கிட்டில் ஒரு சின்னப் பாதுகாப்பு மட்டும் உண்டு. எந்தப் பெயரும் சுட்டாத கமிட்களைக் கிட் காலப்போக்கில் குப்பையென்று நீக்கிவிடும். லேபிள் இருக்கும் கமிட்டும், அதற்கு முன்னோடியான கமிட்களும் அப்படி நீங்காது, பிராஞ்சையே அழித்தாலும்கூட.

பூட்டும் அல்ல. லேபிள் போட்ட பிறகும் கோப்புகளை வழக்கம்போல மாற்றலாம், புதிய ரிவிஷன்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு மென்பொருளில் லேபிளைப் பூட்டலாம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது பெர்ஃபோர்ஸ்; அங்கே பூட்டப்படுவது லேபிளின் பட்டியல். கோப்புகளை அல்ல.

## நகர்த்தப்பட்ட லேபிள்

சீட்டைப் பிய்த்து வேறு பக்கத்தில் ஒட்ட முடியும் என்று முதலிலேயே சொன்னேன். பெரும்பாலான மென்பொருள்கள் இதை அனுமதிக்கின்றன. கிட் கொஞ்சம் தயங்கும், வற்புறுத்தும் குறியைச் சேர்த்தால் ஒப்புக்கொள்ளும். லேபிளை இன்னும் யாருக்கும் அனுப்பாத வரை இதில் தவறே இல்லை. அனுப்பிய பிறகுதான் வில்லங்கம். ஏற்கெனவே பழைய லேபிளைப் பெற்றவரின் கணினியில், வழக்கமான முறையில் புதுப்பித்தால் கிட் அதைத் தானாக மாற்றாது. ஆகவே 2.1 என்ற ஒரே பெயர் உங்களிடம் ஒரு கமிட்டையும் அவரிடம் வேறொரு கமிட்டையும் சுட்டும். இருவரும் “2.1-இல் இந்தப் பிழை இருக்கிறது”, “இல்லை” என்று மணிக்கணக்கில் வாதாடலாம், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். கிட்டின் சொந்தக் கையேடே இந்தச் சூழலுக்குச் சொல்லும் விவேகமான வழி: தவறை ஒப்புக்கொண்டு வேறு பெயரில் புதிய லேபிள் போடுங்கள்.

குழப்பத்தோடு நின்றால் பரவாயில்லை. 2025 மார்ச்சில் நடந்தது அதைவிடப் பெரியது. கிட் ரெப்போக்களை இணையத்தில் வைக்க உதவும் தளமான கிட்ஹப்பில் தானியங்கி வேலைகளுக்காக 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திய ‘டிஜே-ஆக்ஷன்ஸ்’ தொகுப்பின் கருவி ஒன்றுக்குள் ஊடுருவியவர்கள், அதன் பல வெளியீட்டு லேபிள்களைத் தீங்கான ஒரு கமிட்டை நோக்கித் திருப்பிவிட்டார்கள். பழைய, நிலையான வெளியீட்டைத்தானே பயன்படுத்துகிறோம் என்று நம்பியிருந்தவர்களின் தானியங்கி வேலைகள், ஒரு வரிகூட மாற்றாமலே, அந்தத் தீங்கான நிரலை ஓட்டின. கடவுச்சொல் போன்ற ரகசியங்களை வேலைப் பதிவேட்டில் கொட்டுவதுதான் அதன் வேலை. லேபிளுக்குப் பதிலாக முழு ஹாஷைக் குறிப்பிட்டுவைத்து, அந்த நேரத்தில் புதுப்பிக்காமல் இருந்தவர்களை இது தொடவில்லை. ஹாஷ் உள்ளடக்கத்திலிருந்தே பிறப்பதால் அதை வேறொன்றின் மேல் ஒட்ட முடியாது.

சுருக்கமாக: பெயர் மனிதருக்கு, ஹாஷ் இயந்திரத்துக்கு. வெளியார் நிரலை உங்கள் இயந்திரம் தானாக எடுத்து ஓட்டுகிறது என்றால் ஹாஷைக் கொடுங்கள். சொந்த ரெப்போவில், வெளியீட்டு லேபிள்களை மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி சர்வரில் அமைத்துவிடுங்கள். கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் அதற்கு வசதி இருக்கிறது.

## பெயரும், பிழை வந்த நாளும்

பெயர் வைப்பதைப் பற்றி நீளமாக விவாதிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து அதையே பின்பற்றினால் போதும். பெரிய மாற்றம், சிறிய மாற்றம், திருத்தம் என்று மூன்று எண்களைப் புள்ளிகளால் பிரித்து எழுதும் முறை இன்று பரவலாக இருக்கிறது. “கடைசி”, “நிலையானது”, “புதியது” போன்ற பெயர்களை மட்டும் தவிருங்கள். அவை நகர்த்தச் சொல்லிக் கேட்கும் பெயர்கள்.

லேபிளின் பயன் தெரிவது பிழை வரும் நாளில். மூன்று மாதத்துக்கு முன் வெளியிட்ட 2.1.0-இல் சிக்கல் என்று ஒரு பயனர் எழுதுகிறார். அதற்குள் உங்கள் நிரல் வெகுதூரம் போய்விட்டது, பாதிப் புதிய வசதிகள் இன்னும் முடியவில்லை. லேபிளைக் கொடுத்து அன்றைய நிலையை எடுக்கிறீர்கள். பிழை அங்கேயே தெரிகிறது. அந்த லேபிளிலிருந்து ஒரு பிராஞ்ச் பிரித்து, திருத்தி, கமிட் செய்து, அதன்மேல் 2.1.1 என்று புதிய லேபிள் ஒட்டி வெளியிடுகிறீர்கள். முடியாத வசதிகள் எதுவும் பயனரிடம் போகவில்லை. பிறகு அதே திருத்தத்தை நடப்பு நிரலுக்கும் கொண்டுவர மறக்காதீர்கள். மறந்தால் 2.2-இல் அதே பிழை மறுபடியும் வரும், அதே பயனரும் மறுபடியும் எழுதுவார்.